பூட்டிய கோப்பு எப்படி வெளியே போனது? அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழிமுறை

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்தில் ஆடிட்டர் அலுவலகம், வக்கீல் அலுவலகம், பீடிக் கம்பெனியின் கணக்குப் பிரிவு, காற்றாலைக்கு நிலம் குத்தகை பேசும் அலுவலகம் என்று எங்கே கணினி பார்க்கப் போனாலும் ஒரு கேள்வி காத்திருக்கிறது: "பிரிண்ட் எடுக்க முடியாதபடி பூட்டித்தானே அனுப்பினோம், பிறகு எப்படி அடுத்தவர் கைக்குப் போனது?" 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, நான் போய்வரும் அலுவலகங்களில் பழைய காகிதக் கோப்புகளை ஸ்கேன் செய்து வைக்கும் வழக்கம் கூடியிருக்கிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் பீரோவில் இருந்த பத்திரத்துக்குச் சாவி ஒருவரிடம் இருந்தது. ஸ்கேன் செய்த பத்திரத்துக்கு எத்தனை நகல், எங்கெங்கே என்று பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. பாகப்பிரிவினை வரைவு முன்கூட்டியே வெளியே போனால் உடன்பிறந்தவர்களுக்குள் பேச்சே நின்றுபோகும். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் பெண்களின் வருங்கால வைப்பு நிதிப் பட்டியலில் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் வரிசையாக இருக்கின்றன. அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்த எண்கள் அவை.

அறிகுறிகளுக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கோப்பின் மீது போடும் கட்டுப்பாடுகளில் மூன்று தரம் உண்டு. முதலாவது வெறும் வேண்டுகோள். "அச்சிடாதே, நகலெடுக்காதே" என்று கோப்புக்குள் ஒரு குறிப்பு இருக்கும். திறக்கும் மென்பொருள் அதை மதித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இரண்டாவது உண்மையான பூட்டு. கடவுச்சொல் இல்லாதவருக்கு உள்ளே இருப்பது பொருளற்ற பைட்டுக் குவியல். மூன்றாவது, கோப்பைக் கையில் கொடுக்காமல் நம் கணக்கிலேயே வைத்துக்கொண்டு திரையில் மட்டும் காட்டுவது. நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், முதலாவதை இரண்டாவது என்று நம்பியதுதான். எந்த அறிகுறியானாலும் முதலில் கேட்க வேண்டியது, நாம் போட்டது இந்த மூன்றில் எது என்பதே.

"பிடிஎஃப்பில் பிரிண்ட் தடை போட்டேன். ஆனாலும் பிரிண்ட் வருகிறது."

சோதனை எளிது. அந்தக் கோப்பை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். கடவுச்சொல் எதுவும் கேட்காமல் திறந்தால், நீங்கள் போட்டது வேண்டுகோள் மட்டுமே.

பிடிஎஃப்புக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று திறப்பதற்கு. இன்னொன்று அச்சிடுதல், நகலெடுத்தல், திருத்துதல் ஆகிய அனுமதிகளை மாற்றுவதற்கு. பலரும் இரண்டாவதை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட கோப்பும் குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்பட்டதுதான். ஆனால் அதைத் திறக்கும் சாவி, கடவுச்சொல் இல்லாமலேயே எந்த மென்பொருளுக்கும் கிடைத்துவிடும். அடோபி ரீடரும் குரோமும் தடையை மதித்துப் பிரிண்ட் பொத்தானை மங்கலாக்கும். அதை மதிக்காத மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாசற்படியில் "உள்ளே வராதீர்கள்" என்று எழுதிவிட்டுக் கதவைத் திறந்தே வைப்பது போன்ற வேலை இது.

தடையை நீக்கித் தருகிறோம் என்னும் இணையதளங்களும் ஏராளம். அங்கே இன்னொரு ஆபத்து இருக்கிறது: தடையை நீக்க முயல்பவர் உங்கள் ரகசியக் கோப்பை முன்பின் தெரியாத ஒரு சர்வரில் ஏற்றிவிடுகிறார். அவருக்குக் கெட்ட எண்ணமே இருக்காது. பிரிண்ட் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நியாயமான தேவை உள்ளவருக்குத் தடை போட்டால் கோப்பு போய்ச் சேரும் இடம் இதுதான்.

சரி செய்ய, திறக்கும் கடவுச்சொல்லையும் சேர்த்துப் போடுங்கள். இதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. லிப்ரே ஆபிஸில் 'எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்' பெட்டியின் 'செக்யூரிட்டி' பக்கத்தில் இரண்டு கடவுச்சொற்களையும் தனித்தனியாக அமைக்கலாம். அச்சிடவே கூடாது, குறைந்த தரத்தில் அச்சிடலாம் என்று பிரித்தும் சொல்லலாம். இரண்டும் ஒரே சொல்லாக இருக்கக் கூடாது. கோப்பு மின்னஞ்சலில் போனால் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் வாயால் சொல்லுங்கள். அதே மின்னஞ்சலின் அடியிலேயே எழுதி அனுப்பும் வழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

இப்படிச் செய்தாலும் ஓர் எல்லை உண்டு. திறக்கும் கடவுச்சொல்லைக் கொடுத்தவரிடம் அச்சிடும் தடை மறுபடியும் வேண்டுகோளாகிவிடுகிறது. மூன்றாம் ஆள் கையில் கோப்பு சிக்கினால் பூட்டு காப்பாற்றும். பெற்றவரே மீற நினைத்தால் காப்பாற்றாது.

"கடவுச்சொல் போட்டுத்தான் வந்தது. ஆனாலும் யாரோ திறந்துவிட்டார்கள்."

கடவுச்சொல் எப்படி உருவானது என்று பாருங்கள். ஆதார் பிடிஎஃப்புக்குப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது கடவுச்சொல். வருமான வரித் தளத்தில் எடுக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கைக்கு பான் எண்ணும் பிறந்த தேதியும். இந்தச் சூத்திரம் ஊரறிந்தது. அந்த அறிக்கையைப் பான் அட்டை நகலோடு ஒரே உறையிலோ ஒரே மின்னஞ்சலிலோ அனுப்பினால் பூட்டோடு சாவியையும் சேர்த்து அனுப்பியதாகிறது, ஏனென்றால் பான் அட்டையிலேயே பிறந்த தேதி இருக்கிறது. இப்படி வரும் கோப்புகளை, வேறு கடவுச்சொல்லோடு புதிய பிடிஎஃப்பாக மாற்றிய பிறகே அடுத்தவருக்கு அனுப்புங்கள்.

"நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கலாக வருகிறது. பூட்டியிருக்கிறார்களா?"

இல்லை. இது தமிழ் அலுவலகங்களுக்கே உரிய குழப்பம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணத்தில் தமிழ் எழுத்துகளுக்குப் பின்னால் இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். அதை நகலெடுத்து, எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு எழுத்துருவில் ஒட்டினால் பொருளில்லாத எழுத்துக் கூட்டம்தான் வரும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்ற பிறகும் பழைய எழுத்துருக்கள் ஆவணம் எழுதும் இடங்களில் புழங்குகின்றன.

இதையே பாதுகாப்பு என்று எண்ணி, "பழைய எழுத்துருவிலேயே இருக்கட்டும், யாரும் நகலெடுக்க முடியாது" என்று சொல்பவர்கள் உண்டு. எழுத்துரு மாற்றி ஒன்று போதும், நொடியில் படித்துவிடலாம். ஸ்கேன் செய்த படமாக வைத்தாலும் அப்படியே. கூகுள் டிரைவ் தமிழ் அச்செழுத்தைப் படத்திலிருந்து படித்துத் தட்டச்சு எழுத்தாகவே தந்துவிடும்.

"வேர்டில் பூட்டினேன். வரைவைத் திருத்தியே அனுப்பிவிட்டார்கள்."

'மார்க் ஆஸ் ஃபைனல்' போட்டிருந்தால் அது வெறும் அறிவிப்பு. மேலே தோன்றும் மஞ்சள் பட்டையில் ஒரு பொத்தானை அழுத்தினால் நீங்கிவிடும். 'ரிஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' கை தவறித் திருத்துவதைத் தடுக்கும், ஆனால் உள்ளடக்கத்தைக் குறியாக்கம் செய்யாது. படிப்பதையே தடுப்பது 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்' ஒன்றுதான். கோப்பு டாக்எக்ஸ் வடிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 97 முதல் 2003 வரையான வேர்டின் பழைய டாக் வடிவத்தில் கடவுச்சொல் பாதுகாப்பு பலவீனமானது.

எக்ஸெல் இதைவிட மோசம். அதன் தாளுக்குப் போடும் 'புரொடெக்ட் ஷீட்' பாதுகாப்புக்கான பூட்டே அல்ல. சூத்திரம் அழிந்துபோகாமல் இருக்க வைத்த வசதி. சம்பள நெடுவரிசையை மறைத்துவிட்டு வருகைப் பதிவை அனுப்பினால் சம்பளமும் சேர்ந்துதான் போகிறது. நீண்ட பட்டியலைத் தொகுத்து மொத்தம் காட்டும் பிவட் அட்டவணை இன்னும் நுட்பமான பொறி. மூலத் தாளை அழித்துவிட்டு மொத்தத் தொகை மட்டும் தெரியும் அட்டவணையை அனுப்பியிருப்பீர்கள். பெற்றவர் ஒரு தொகையின் மேல் இருமுறை சொடுக்கினால், அதற்குப் பின்னால் இருந்த ஒவ்வொரு தொழிலாளியின் வரியும் புதிய தாளில் வந்து நிற்கும், ஏனென்றால் அந்தத் தரவின் நகல் அட்டவணைக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கிறது. வெளியே போகும் தாளைப் புதிய கோப்பில் 'பேஸ்ட் வேல்யூஸ்' மூலம் மதிப்புகளாக மட்டும் ஒட்டி உருவாக்குங்கள். எத்தனை அவசரமானாலும் அசல் கோப்பிலிருந்து நேராக அனுப்பாதீர்கள்.

"கருப்புப் பட்டை போட்டு மறைத்த எண் வெளியே தெரிந்துவிட்டது."

பட்டை போட்ட இடத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். எழுத்து வந்தால், பட்டை மேலே ஒட்டிய படம் மட்டுமே. 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில் இதுவே நடந்தது. பட்டைக்குக் கீழே இருந்த வரிகளை நிருபர்கள் நகலெடுத்துப் படித்துவிட்டார்கள்.

வேர்டிலேயே எண்ணை அழித்து அந்த இடத்தில் எக்ஸ் குறிகளைப் போட்டு, அதன் பிறகு பிடிஎஃப் ஆக்குவதுதான் நான் சிபாரிசு செய்யும் வழி. மூலக்கோப்பு இல்லாதபோது லிப்ரே ஆபிஸின் 'ரிடாக்ட்' கருவியைப் பயன்படுத்தலாம். ஆதாருக்கு இந்தச் சிரமமே வேண்டாம்; கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளமே தருகிறது. அதைக் கேட்டு வாங்கும் பழக்கம் நம் அலுவலகங்களுக்கு வர வேண்டும்.

"கூகுள் டிரைவில் பார்க்க மட்டும்தான் அனுமதி கொடுத்தேன். பதிவிறக்கி வைத்திருக்கிறார்."

பார்வையாளர் அனுமதியில் பதிவிறக்கமும் அச்சும் நகலும் சேர்ந்தே வரும். நாம்தான் எடுத்துவிட வேண்டும். பகிர்வுப் பெட்டியின் மேலே உள்ள பற்சக்கரக் குறியை அழுத்தி, பார்வையாளர்கள் பதிவிறக்கலாம், அச்சிடலாம், நகலெடுக்கலாம் என்று இருக்கும் தேர்வை நீக்குங்கள். அங்கேயே இன்னொரு தேர்வும் இருக்கும்: திருத்துபவர்கள் பிறருக்கும் பகிரலாம் என்பது. அதையும் நீக்குங்கள். ஜூனியருக்குத் திருத்தும் அனுமதி கொடுத்து, அவர் தன் நண்பருக்குப் பகிர்ந்து, அங்கிருந்து கோப்பு வெளியேறிய சங்கிலியைப் பின்தொடர்ந்து பார்த்தால் தொடக்கம் இந்த ஒரு டிக் குறியாக இருக்கும்.

பிறகு இணைப்பைப் பாருங்கள். 'இணைப்பு உள்ள எவரும்' என்று இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் அந்த இணைப்பு நகர்ந்த இடமெல்லாம் கோப்பு நகர்ந்திருக்கிறது. பெயர் சொல்லி, மின்னஞ்சல் முகவரி சொல்லி மட்டுமே பகிருங்கள். ஒருமுறை படித்தால் போதும் என்ற கடிதத்துக்கு ஜிமெயிலின் 'கான்ஃபிடென்ஷியல் மோட்' உதவும். அதில் முன்னனுப்பவும் நகலெடுக்கவும் அச்சிடவும் பொத்தான் இருக்காது, காலக்கெடுவும் வைக்கலாம். ஏற்கனவே பதிவிறக்கிய நகலைத் திரும்பப் பெற இவை எதனாலும் முடியாது.

"தடை கூடிப்போய், உரிய ஆளாலேயே திறக்க முடியவில்லை."

மைக்ரோசாப்ட் 365-இன் பிசினஸ் பிரீமியம் போன்ற திட்டங்களில் 'சென்சிட்டிவிட்டி லேபிள்' வசதி உண்டு. படிக்கலாம் ஆனால் அச்சிடக் கூடாது, நகலெடுக்கக் கூடாது, குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு திறக்கக் கூடாது என்று ஆளுக்கு ஆள் உரிமை கொடுக்கலாம். கோப்பு எங்கே போனாலும் உரிமையும் கூடவே போகும். மேலே சொன்ன மூன்று தரங்களில் இரண்டையும் மூன்றையும் சேர்த்து வைத்தது போன்ற ஏற்பாடு. கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் உள்ள ஆலைகளின் ஒப்பந்தம் போன்றவற்றுக்கு இதுவே பொருத்தம்.

அது திறக்க மறுத்தால் இந்த வரிசையில் பாருங்கள். எந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறார்? அலுவலக முகவரிக்குக் கொடுத்த உரிமை அவருடைய சொந்தக் கணக்கில் செல்லாது. கைபேசியில் பெரும்பாலும் சிக்கல் இதுதான். எந்த மென்பொருளில் திறக்கிறார்? உரிமையைச் சரிபார்க்கத் தெரியாத இலவசச் செயலியில் கோப்பு உடைந்தது போலத் தோன்றும். இணையம் இருக்கிறதா? முதல் முறை திறக்கும்போது சர்வரிடம் உரிமம் வாங்க வேண்டும். நிர்வாகி மாற்றாதவரை அந்த உரிமம் 30 நாள் வரை கணினியில் தங்கும். மாஞ்சோலை பக்கம் சிக்னல் கிடைக்காத இடத்துக்கு ஆய்வுக்குப் போகிறவர், கிளம்புமுன் அலுவலகத்திலேயே ஒருமுறை திறந்துவிட்டுப் போனால் பிரச்சினை இல்லை. நிர்வாகி இணையமில்லாப் பயன்பாட்டை முழுவதும் தடுத்திருந்தால் இந்த வழி உதவாது.

உரிய ஆளுக்கு உண்மையிலேயே அச்சு தேவையென்றால் அந்த உரிமையைக் கொடுத்துவிடுங்கள். காகிதத்தில் தாக்கல் செய்ய வேண்டிய வக்கீலுக்கு அச்சிடத் தடை போட்டால், அவர் திரையைப் படம் பிடித்துத்தான் அச்சிடுவார். தடை போட்டுச் சாதித்தது கூடுதலாக ஒரு நகலை உருவாக்கியது மட்டுமே.

"எங்கள் கணினியில் எல்லாம் சரி. ஆனால் காகிதமாகவே வெளியே போயிருக்கிறது."

ஜெராக்ஸ் கடையை நினைத்துப் பாருங்கள். பாளையங்கோட்டையில் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள கடைகளில் ஒரு முற்பகல் நின்றால் புரியும். "அண்ணாச்சி, வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன், மூன்று காப்பி எடுங்கள்" என்று குமாஸ்தா சொல்வார். அந்தக் கோப்பு கடைக்காரரின் கைபேசியிலும், கடைக் கணினியின் பதிவிறக்க அடைவிலும் தங்கிவிடும். கடைக்காரர் மீது குற்றமில்லை; நூறு பேர் கோப்பைத் தேடி அழிப்பது அவர் வேலையும் அல்ல. ஆனால் அடுத்து வருகிறவர் தன் கோப்பைத் தேடும்போது உங்கள் கட்சிக்காரரின் பெயரும் சர்வே எண்ணும் திரையில் வரிசையாகத் தெரியும்.

அலுவலகத்துக்கு ஒரு சாதாரண லேசர் பிரிண்டர் வாங்கிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எல்லாவற்றிலும் செலவுக்கு மிகுந்த பலன் தருவது இதுவே. தவிர்க்க முடியாமல் கடைக்குப் போனால், வேலை முடிந்ததும் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள்: உரையாடல், பதிவிறக்க அடைவு, மறுசுழற்சித் தொட்டி மூன்றையும். மரியாதையாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

அலுவலகப் பிரிண்டரிலும் பார்க்க வேண்டியது உண்டு. பிரிண்டர் அமைப்புகளின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'கீப் பிரிண்டட் டாக்குமென்ட்ஸ்' தேர்வு போட்டிருந்தால், அச்சிட்ட கோப்பு வரிசையிலேயே இருக்கும். அடுத்தவர் மறுபடி அச்சிடலாம். தட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் காகிதத்துக்குப் 'செக்யூர் பிரிண்ட்' தீர்வு. பிரிண்டர் முன்னால் போய் நின்று ரகசிய எண்ணை அழுத்தினால்தான் தாள் வரும். வாடகைக்கு எடுத்த பெரிய நகலெடுக்கும் இயந்திரங்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. திருப்பிக் கொடுக்குமுன் அதை அழித்துத் தரச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள்.

பென் டிரைவில் போனதா என்ற சந்தேகம் இருந்தால், விண்டோஸ் புரோ பதிப்பில் குழுக் கொள்கை (குரூப் பாலிசி) என்னும் நிர்வாகக் கருவி வழியாக எல்லாக் கணினிகளிலும் வெளிச் சேமிப்பகத்தைத் தடுக்கலாம். ஹோம் பதிப்பில் அந்தக் கருவி இல்லை.

"வாட்ஸ்அப்பில் ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்ப முடியவில்லை."

அந்த வசதி படம், காணொளி, குரல் செய்தி ஆகியவற்றுக்கு மட்டுமே, பிடிஎஃப்புக்குக் கிடையாது. எல்லோருக்கும் அழிக்கும் வசதியும் சுமார் இரண்டு நாளைக்குத்தான், அதற்குள் சேமித்துக்கொண்ட நகலை அது தொடாது. 'இணைத்த சாதனங்கள்' பட்டியலைத் திறந்து பாருங்கள். முன்பு உட்கார்ந்த கிளையின் கணினி இன்னும் அதில் இருந்தால், உங்களுக்கு வரும் ஒவ்வொரு கோப்பும் அங்கேயும் போய்க்கொண்டிருக்கிறது. உடனே வெளியேற்றுங்கள்.

"திரையைக் கைபேசியில் படம் எடுத்துவிட்டார்கள்."

லேபிள் போட்ட கோப்பில் நகலெடுக்கும் உரிமை இல்லையென்றால், விண்டோஸ் திரைப்பிடிப்பை ஆபிஸ் மென்பொருள் கருப்பாக்கிவிடும். எதிரே நீட்டிய கைபேசிக் கேமராவைத் தடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது. முடியும் என்று விற்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

இங்கே செய்யக்கூடியது, நகலுக்கு உரியவரின் பெயரைப் பக்கத்தின் மேலேயே பொறிப்பது. நான்கு பேருக்கு நான்கு தனிக் கோப்பு. ஒவ்வொன்றிலும் பெறுபவர் பெயரும் தேதியும் குறுக்காக, எழுத்துகளின் மேலேயே மங்கலாக ஓட வேண்டும். ஓரத்தில் இருந்தால் வெட்டிவிடுவார்கள். தன் பெயர் தாங்கிய பக்கத்தைப் படம் எடுக்கப் பெரும்பாலோர் தயங்குவார்கள். மீறி வெளியே வந்தால் எந்த நகல் என்று தெரியும். ஒப்பந்தத்தை மீறி அடுத்தவரின் தனிப்பட்ட தகவலை வெளியிடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் பணியில் சேரும் நாளிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

"வேலையை விட்டுப் போனவரிடம் கோப்புகள் இருக்கின்றன."

அவருடைய சொந்த ஜிமெயிலில் உருவாக்கிய கோப்பு என்றால் உரிமையாளர் அவர்தான். நீங்கள் அவரை நீக்க முடியாது. அவர்தான் உங்களை நீக்க முடியும். ஆகவே அவர் கிளம்புமுன், பக்கத்தில் உட்கார்ந்து பகிர்வுப் பெட்டியில் உரிமையை அலுவலகத்தின் ஜிமெயில் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். இப்படிச் சாதாரண ஜிமெயில் கணக்குகளுக்கு இடையே மாற்றும்போது, பெறுகிற கணக்கில் அதை ஏற்கும்வரை உரிமை மாறாது. அலுவலகக் கணக்கைத் திறந்து ஏற்றுக்கொண்டு, உரிமையாளர் என்ற இடத்தில் அலுவலகத்தின் பெயர் வந்துவிட்டதைப் பார்த்து, அதன் பிறகு அவருடைய அனுமதியை நீக்கி, கடைசியாகப் பிரிண்டரின் ரகசிய எண்ணையும் மாற்றுங்கள்.